சாரதாமணி ஒரு பெயரை நீக்கிய விதம்

நெருப்பெரிச்சல் என்ற ஊரில் பனியன் ஏற்றுமதி செய்யும் ஓர் அலுவலகத்தில் சாரதாமணி வேலை பார்க்கிறார். சொந்தக்காரர் ஒருவருக்குக் கல்யாணப் பத்திரிகை வைக்கப் போனால், பக்கத்து வீட்டார் மனசு கோணக் கூடாதென்று அந்தத் தெருவுக்கே வைத்துவிட்டு வருகிற ஆள். அவர் கையில்தான் உற்பத்திப் பிரிவின் மெயில் குரூப் வந்து சேர்ந்தது.

அதுவரை குரூப்பில் ஒருவரைச் சேர்க்கவோ எடுக்கவோ கம்ப்யூட்டர் பிரிவு பூபாலனால்தான் முடியும். பல் விளக்கும்போதுகூட அதற்காக அவருக்கு ஃபோன் வரும். பொறுத்துப் பார்த்துவிட்டு முதலாளி முருகவேலிடம் பேசி, அந்தந்தப் பிரிவே தன் குரூப்பைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று மாற்றிவிட்டார்.

“சேர்க்கோணும்னா இதை அமுத்துங்கக்கா, எடுக்கோணும்னா இதை. அவ்வளவுதானுங்க.”

சேர்ப்பது சாரதாமணிக்கு ரொம்பப் பிடித்துப்போனது. கேட்டவர்களைச் சேர்த்தார். விட்டுவிட்டார்கள் என்று நினைக்கக் கூடாதே என்று கேட்காதவர்களையும் சேர்த்தார். உற்பத்தி மேலாளர் மருதாசலம் ஓய்வுபெற்ற நாளில் கண் கலங்கி, “தொடர்பு விட்டுப் போகக் கூடாதுங்க ஐயா” என்று அவருடைய சொந்த மெயில் முகவரியையும் வாங்கிச் சேர்த்தார். எடுக்கிற பொத்தானை மட்டும் தொட்டதே இல்லை.

கொஞ்ச நாளில், திங்கட்கிழமைக் கூட்டத்துக்கு வரச்சொல்லி குரூப்பில் வழக்கம்போல ஒரு மெயில் போனது. வெள்ளை வேட்டி சட்டையில் மருதாசலம் வந்து தன் பழைய நாற்காலியில் உட்கார்ந்தார். புது மேலாளர் தேஜஸ்ரீ ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். எதற்கு வந்தீர்கள் என்று கேட்க யாருக்கும் வாய் வரவில்லை. முதலாளியே எழுந்து, “டீ சாப்பிடுங்கய்யா” என்றார். மருதாசலமும் டீ குடித்துவிட்டு, காலர் துணியின் நிறம் பற்றி ஒரு கருத்துச் சொல்லிவிட்டுப் போனார். அடுத்த திங்களும் வந்தார். அதற்கடுத்த திங்களும் வந்தார்.

முருகவேல் சாரதாமணியைக் கூப்பிட்டார்.

“ஏனுங்க, ஐயாவுக்கு மெயில் போகுதுங்களா?”

“போகுதுங்க.”

“கொஞ்சம் எடுத்துடுங்க.”

“நீங்களே ஒரு வார்த்தை அவருகிட்டச் சொல்லிட்டீங்கன்னா…”

“நான் எப்புடீங்க சொல்றது?” என்று முதலாளி அவசரமாக ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டார். ஃபோன் அடிக்கவே இல்லை.

சாரதாமணி பூபாலனிடம் போனார். “எடுத்தா அவருக்குத் தெரியுமா தம்பி?”

“தெரியாதுங்கக்கா. சத்தமில்லாம எடுத்துடலாம்.”

“தெரியாம எடுக்கறது இன்னும் மோசமில்லையா?”

அழைக்கிறவர்கள் நேரில் போய்த்தானே அழைக்கிறார்கள், அழைத்ததைத் திரும்ப வாங்கவும் நேரில்தான் போக வேண்டும் என்று சாரதாமணி முடிவு செய்தார். ஞாயிற்றுக்கிழமை சாத்துக்குடியும் ஆப்பிளும் வாங்கிக்கொண்டு, பல்லடத்தில் இருந்த மருதாசலத்தின் வீட்டுக்கு ஸ்கூட்டரில் போனார்.

காபி வந்தது. மழை பற்றிப் பேசினார்கள். அமராவதி அணையில் தண்ணீர் திறந்தது பற்றிப் பேசினார்கள். பேச எதுவும் மிச்சமில்லாதபோது சாரதாமணி டம்ளரைப் பார்த்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னார்.

மருதாசலம் பெருமூச்சு விட்டார். “அப்பாடா! எடுத்துடு கண்ணு. நீங்க மறக்காம வரச்சொல்லிட்டே இருக்கீங்க, வராம இருந்தா மரியாதையா இருக்காதேன்னுதான் வந்துட்டிருக்கேன். எனக்கு அங்க வந்து என்ன வேலை?”

“ஐயா, மெயிலுக்கு அடியிலயே ‘குரூப்பிலிருந்து விலக’ன்னு இருக்குமுங்களே?”

“முத நாளே பாத்தேன். ஆசையாச் சேர்த்துவிட்ட புள்ளை என்ன நினைக்கும்னு விட்டுட்டேன்.”

இருவரும் சிரித்தார்கள். ஆனால் சிக்கல் தீரவில்லை.

“அப்ப நீங்களே அமுத்திடுங்கய்யா.”

“சேர்த்தது நீ. நீ எடுக்கறதுதான் முறை.”

“ஐயோ, உங்க பேரை நான் எப்புடீங்க…”

மருதாசலத்தின் மனைவி ஆயம்மாள் உள்ளேயிருந்து வந்தார். “வாரத்துல அந்த ஒரு காலைலதான் எனக்கு ஊடு அமைதியா இருந்துச்சு. அதுவும் போகுது. போறதுதான் போகுது, அதுக்கு இவ்வளவு பேச்சா?” என்று கணவர் கையிலிருந்த ஃபோனைப் பிடுங்கி, அந்த வரியை விரலால் ஒரு குத்துக் குத்தினார். ‘நீங்கள் விலகிவிட்டீர்கள்’ என்று வந்தது.

“இவ்வளவுதானா?” என்றார் மருதாசலம், லேசான வருத்தத்தோடு.

“சாப்பிட்டுப் போ கண்ணு” என்று ஆயம்மாள் இலை அறுக்கப் போய்விட்டார்.

அந்த வாரத்திலிருந்து சாரதாமணிக்குத் துணிச்சல் வந்தது. சம்பந்தமில்லாத ஒவ்வொருவரையும் ஃபோனில் கூப்பிட்டு, நலம் விசாரித்து, “உங்களை எடுத்துடலாமுங்களா?” என்று கேட்டார். பலர் நன்றி சொன்னார்கள். வேன் ஓட்டும் தங்கதுரை மட்டும் பதறிவிட்டார்.

“அக்கா, என்னைய எடுத்துறாதீங்க! பேக்கிங் ஆளுங்களும் தையல் ஆளுங்களும் மெயில்ல போடற சண்டையை வண்டி நிக்கற நேரத்துல படிச்சிட்டிருக்கேனுங்க. போன வாரத்தது இன்னும் முடியலீங்க.”

சாரதாமணியால் மறுக்க முடியவில்லை. தங்கதுரை இன்னும் குரூப்பில் இருக்கிறார்.