பால் நெரிஸும் நாத்தனார் வீட்டுக் கோப்பையும்

வேல்ஸில் துலாஸ் பள்ளத்தாக்குக்குப் போய் வெறுமனே நெரிஸ் என்று கேட்டால், எந்த நெரிஸ் என்று திருப்பிக் கேட்பார்கள். மருந்துக்கடை நெரிஸ் ஒருத்தி. தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் நெரிஸ் ஒருத்தி. நான் சொல்லவந்தது பால் நெரிஸை. பண்ணை பண்ணையாகப் போய்ப் பாலை உறிஞ்சிக்கொண்டு வரும் டேங்கர் லாரியை ஓட்டுகிறவள். வயது நாற்பத்தேழு. தோள் அகலம், குரல் அதைவிட அகலம்.

அந்த வட்டாரத்தின் ஏற்றங்களையெல்லாம் அவள் கியரால்தான் குறிப்பிடுவாள். "அது மூணாவது கியர் ஏத்தம். பாரம் இருந்தா ரெண்டு" என்பாள். சைக்கிளில் உட்கார்ந்தாலும் அதே பேச்சுதான். முதுகுவலிக்கு நடக்கச் சொன்னார் மருத்துவர். நடப்பது அலுப்பாக இருக்கிறதென்று புருஷன் எம்லினின் பழைய சைக்கிளை எடுத்து ஓட்டிப் பார்த்தாள். வலி போய்விட்டது, சைக்கிள் போகவில்லை. அப்புறம் கிளப், அப்புறம் பந்தயம், அப்புறம் பந்தயத்துக்கென்றே ஒரு சைக்கிள். அதன் விலையை எம்லினிடம் இன்றுவரை சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை.

கிளப்பில் பெண்களுக்கென்று ஒரு கோப்பை உண்டு. மார்ச்சில் ஓட்டமும் சைக்கிளும் சேர்ந்த டூயத்லான், ஜூனில் நீச்சலும் கூடிய டிரையத்லான், செப்டம்பரில் சைக்கிள் மட்டும். மூன்றில் இரண்டை ஜெயிக்கிறவளுக்கு அது. நான்கு வருடமாக எம்லினின் தங்கை பெக்காவின் சமையலறை ஜன்னலில் அந்தக் கோப்பை நின்றது. சும்மா நிற்கவில்லை. அதில் மரக்கரண்டிகளைப் போட்டு வைத்திருந்தாள் பெக்கா. ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு எப்போதும் அவள் வீட்டில்தான். ஆட்டுக்கறியை வெட்டி எல்லோருக்கும் வைத்துவிட்டு, குழம்பை மேசைக்குக் கொண்டுவந்து, அப்பாவி போல முகத்தை வைத்துக்கொள்வாள்.

"நெரிஸ், அந்தக் கரண்டியக் கொஞ்சம் எடுத்துக் குடேன். அதான், அந்தப் பாத்திரத்துல இருக்கே."

"எந்தப் பாத்திரம்?"

"அந்த வெள்ளிப் பாத்திரம். பேரெல்லாம் போட்டிருக்கே. என் பேருதான்."

நெரிஸ் எழுந்துபோய்க் கரண்டியை எடுத்துத் தருவாள். எம்லின் தலையைத் தூக்காமல் உருளைக்கிழங்கை மென்றுகொண்டிருப்பான். நான்கு வருட ஞாயிறுகள் இப்படியே போயின. இந்த வருடம் புத்தாண்டன்று நெரிஸ் எம்லினிடம் சொல்லிவிட்டாள்: அந்தக் கோப்பை நம் வீட்டுக்கு வரும், அதற்குள் எதையும் போட்டு வைக்க மாட்டேன், சும்மா பார்த்துக்கொண்டே இருப்பேன்.

மார்ச் டூயத்லானில் ஆலங்கட்டி மழை. பெக்கா தபால்காரி. வருடம் முழுக்க மேட்டிலும் பள்ளத்திலும் பையோடு நடக்கிற கால்கள் அவளுடையவை. நெரிஸோ மிரண்ட மாடு மாதிரி ஓடுவாள், அவளே ஒப்புக்கொள்வாள். சைக்கிளில் நாத்தனாரைப் பிடித்து முந்தியும் ஆயிற்று, ஆனால் கடைசி ஓட்டத்தில் எல்லைக்கோடு கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் பின்னாலிருந்து ஒரு கை தோளைத் தட்டியது.

"வழி விடு பொண்ணே, தபால் அவசரம்!"

ஜூனில் கணக்குத் திரும்பியது. நெரிஸ் நீச்சல் கற்றுக்கொண்டதே நாற்பதுக்கு மேல்தான், முட்டி உயரக் குழந்தைகளோடு சேர்ந்து. தலையைத் தண்ணீருக்கு மேலே வைத்துக்கொண்டு, யாரையோ தேடுகிறவள் போல நீந்துவாள். நகரத்து நீச்சல்குளத்தில் உயிர்காப்பாளன் அவளுக்கு இணையாகக் கரையில் நடந்தே வந்தான். அவள் கரையேறும்போது பெக்காவின் சைக்கிள் நின்ற இடம் காலி. நெரிஸ் அவசரப்படவில்லை. ஈரக்காலைத் துடைத்து, ஹெல்மெட் வாரை மாட்டி, வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து ஏறினாள். அணைக்கட்டு ஏற்றத்தில் பெக்காவைத் தாண்டியபோது, "தபால் கெடச்சுது, பதில் போட்டுட்டேன்!" என்று கத்தினாள். அங்கே எடுத்த முன்னிலை எந்த ஓட்டத்தாலும் பிடிக்க முடியாத அளவுக்குப் பெரியது.

ஆளுக்கு ஒன்று. மிச்சம் செப்டம்பர்.

செப்டம்பர் பந்தயத்தில் எல்லோரும் ஒன்றாகக் கிளம்புவதில்லை. நிமிடத்துக்கு ஒருவராக விடுவார்கள். ஒருவர் முதுகுக் காற்றில் இன்னொருவர் ஒளிந்து ஓட்டக்கூடாது. கடிகாரம்தான் எதிராளி. கோட்டில் ஒருவர் பின்னாலிருந்து சீட்டைப் பிடித்துக்கொள்வார். இரண்டு காலையும் பெடலில் மாட்டியபடி விழாமல் நிற்கலாம், நேரம் வந்ததும் விட்டுவிடுவார். கிளப்பில் அந்தப் பிடிக்கிற வேலை எம்லினுடையது. பெண்டாட்டியையும் அவன்தான் பிடிப்பான், தங்கையையும் அவன்தான் பிடிப்பான். இரண்டு பேரையும் ஒரே அழுத்தத்தில் பிடிக்கிறானா என்று ஊரே உற்றுப் பார்க்கும்.

எம்லின் நல்லவன். வேலி போடுவது தொழில். அவன் வாயில் எப்போதும் ஒரு வார்த்தை: "இப்பவே, ஒரு நிமிஷத்துல." வேல்ஸின் தென்பகுதியில் எல்லோரும் சொல்வதுதான். அதற்கு இன்றைக்குள் என்று பொருள். இந்த வாரத்துக்குள் என்றும் பொருள். குளியலறைக் குழாய் விஷயத்தில் அதற்குப் பொருளே கிடையாது. இப்பவே என்பதும் ஒரு நிமிஷம் என்பதும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் என்று அங்கே யாருக்கும் தோன்றியதில்லை. எம்லின் அப்படிச் சொல்லிவிட்டால் ஒரு தேநீர் போட்டுக் குடித்து, கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தும் விடலாம் என்பது நெரிஸுக்குக் கல்யாணமான முதல் வாரத்திலேயே புரிந்துவிட்டது.

பந்தயத்தன்று தேவாலயத்தின் பின்கூடத்தில் தேநீர் கொதித்துக்கொண்டிருந்தது. தேவாலயச் சுவருக்கு அந்தப் பக்கம் சாலையும் கிளம்பும் கோடும். சுவருக்கு இந்தப் பக்கம் காற்றுப் படாத முற்றம். கடைசிக்கு முந்தினவள் பெக்கா, கடைசி நெரிஸ். பாதிப் பேர் கிளம்பிப் போயிருப்பார்கள், அப்போது ஹாவட் பண்ணையின் கறவை மாடுகள் பால் கறக்கும் நேரம் வந்துவிட்டதென்று சாலையைக் கடக்கத் தொடங்கின. மாடு கடந்தால் பந்தயம் நிற்கவேண்டியதுதான். நேரம் குறிக்கும் கொரொன்வி ஓய்வுபெற்ற ரயில்வே ஆள். விசிலை ஊதி, எல்லோருக்கும் நேரத்தைத் தள்ளிவைத்தார்.

"இதுங்க பாலைத்தானே நீ அள்ளிட்டுப் போற? சீக்கிரம் நடக்கச் சொல்லு!" என்று யாரோ நெரிஸைக் கிண்டல் செய்தார்கள்.

"நான் சொன்னா நடக்காதுங்க, உக்காந்துக்கும்" என்றாள் அவள்.

மாடுகள் போய்ச் சேர்ந்தன. ஆட்கள் மறுபடி ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். தள்ளிப்போன நேரத்தில் தன்னுடையது எப்போது என்று நெரிஸுக்குச் சரியாகப் பிடிபடவில்லை. முற்றத்திலிருந்து சுவருக்கு மேலாகக் குரல் கொடுத்தாள்.

"எம்லின்! எனக்கு எப்போ?"

அந்தப் பக்கமிருந்து கணீரென்று பதில் வந்தது. "இப்பவே, ஒரு நிமிஷத்துல!"

நிறைய நேரம் இருக்கிறது என்று நெரிஸ் கழிப்பறைக்குப் போனாள்.

பந்தய உடை கழுத்திலிருந்து தொடைவரை ஒரே துண்டு. கழற்றுவது ஒரு வேலை என்றால் திரும்ப மாட்டுவது ஒன்பது வேலை. ஒரு தோளை உள்ளே திணித்து, இன்னொரு தோளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது வெளியே கூச்சல் கேட்டது. கதவைத் திறந்தால் எம்லின். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"நெரிஸ்! பெக்கா போயாச்சு! இப்ப உன்னோட நேரம் ஓடிட்டிருக்கு!"

"நீ ஒரு நிமிஷம்னு சொன்னியே!"

"ஆமா, ஒரு நிமிஷந்தான்!"

"நீ சொன்னா அது ஒரு நிமிஷமா? என்னிக்காவது இருந்திருக்கா?"

"இன்னிக்கு இருந்துச்சு தங்கம்!"

"உன் தங்கச்சிக்காகப் பண்ணினியா?"

"ஐயோ, இல்ல! கொரொன்வி கடிகாரத்தப் பாத்துச் சொன்னாரு, அத நான் அப்படியே சொன்னேன்!"

வாழ்க்கையில் முதல்முறையாக அந்த வார்த்தையை உள்ளபடியே சொல்லியிருக்கிறான் மனுஷன். அதற்கு இந்த நாள்தானா கிடைத்தது? நெரிஸ் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். எம்லின் சீட்டைப் பிடிக்க வந்தான். "தொடாத!" என்று ஒரே சொல். தானே ஏறிக் கிளம்பினாள். கொரொன்வி தலையைக் குனிந்துகொண்டு, "இருபது நொடி தாமதம்" என்றார். இரக்கம் இருந்தது, சலுகை இல்லை. நேரம் நேரம்தான்.

கணக்கு எளியது. பெக்கா கோட்டைத் தொட்ட ஒரு நிமிடத்துக்குள் நெரிஸ் தொட்டுவிட்டால் கோப்பை நெரிஸுக்கு. அதற்குத் தொலைந்த இருபது நொடியைச் சாலையிலிருந்தே பிடுங்கியாக வேண்டும்.

முதல் மைலில் அவள் வாயில் வந்ததையெல்லாம் இங்கே எழுத முடியாது. இரண்டாவது மைலில் பேச மூச்சில்லை. அதுவும் நல்லதுக்குத்தான். கோபம் தொண்டையிலிருந்து காலுக்கு இறங்கிவிட்டது. போகும்போது காற்று முதுகைத் தள்ளியது. அது எடை குறைந்த பெக்காவுக்குத்தான் லாபம் என்று நெரிஸுக்குத் தெரியும். அவள் கவலைப்படவில்லை. திரும்பும் வழியில் அதே காற்று முகத்தில் அடிக்கும். காலி டேங்கரை அந்தச் சாலையில் ஓட்டுகிறவளுக்குக் காற்று எந்த வேலி இடைவெளியில் புகுந்து தள்ளும், எங்கே அடங்கும் என்பதெல்லாம் கைக்கே தெரியும்.

மரஅறுவை ஆலைக்கு எதிரே பெக்கா திரும்பி வந்தாள். பல்லைக் கடித்தபடி, "தூக்கமா?" என்று கத்திக்கொண்டு போனாள்.

"இப்ப முழிச்சிட்டேன்!" என்றாள் நெரிஸ்.

திருப்பத்தில் மஞ்சள் சட்டைக்காரர் கையை ஆட்டினார். அவரைச் சுற்றி வந்ததும் காற்று சுவர் மாதிரி எதிரே நின்றது. நெரிஸ் முதுகைத் தட்டையாக்கி, முகவாயைக் கைகளுக்கு நடுவே இறக்கி, வேலியோரமாக ஒட்டிக்கொண்டாள். வேலியில் இடைவெளி வரும் இடங்களில் மட்டும் ஒரு மூச்சு முன்னாலேயே அழுத்தினாள். 'மெதுவாக' என்று வேல்ஷ், ஆங்கிலம் இரண்டு மொழியிலும் சாலையில் எழுதியிருந்த இடங்களை எல்லாம் மிதித்துக்கொண்டு போனாள். தூரத்தில் ஒரு சிவப்பு விளக்கு முளைத்தது. அது பெக்காவின் பின்விளக்கு. நேர்சாலையில் தெரியும், வளைவில் மறையும். ஒவ்வொரு முறை தெரியும்போதும் கொஞ்சம் பெரிதாக இருந்தது.

பாலத்தைத் தாண்டியதும் கடைசி ஏற்றம். மூன்றாவது கியர் ஏற்றம். பெக்கா அதன் உச்சியில் எழுந்து நின்று மிதிப்பது தெரிந்தது. எழுந்து நின்றால் காற்று நெஞ்சில் அடிக்கும். நெரிஸ் உட்கார்ந்தே ஏறினாள். உச்சிக்கு வந்தபோது கீழே எல்லைக்கோட்டைப் பெக்கா தாண்டிவிட்டிருந்தாள். ஆனால் அவள் பின்கூடத்துக்குப் போகவில்லை, தண்ணீர் குடிக்கவில்லை. சைக்கிளின் மேல் கவிழ்ந்தபடி, கழுத்தை மட்டும் திருப்பி, ஏற்றத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொரொன்வியின் பக்கத்தில் நின்றவர்கள் நொடிகளை வாய்விட்டு எண்ணுவது காற்றில் வந்தது. எண்ணிக்கை ஐம்பதைத் தாண்டிவிட்டது. எம்லினின் குரலும் அதில் இருந்தது. பெண்டாட்டிக்காக எண்ணுகிறானா தங்கைக்காக எண்ணுகிறானா என்று யோசிக்க நேரமில்லை.

இறக்கத்தில் பிரேக்கைத் தொடாமல் வந்தாள். கோட்டைக் கடந்து, சாலையோரப் புல்லில் போய் மோதி, சைக்கிளோடு சாய்ந்து படுத்துக்கொண்டாள். கொரொன்வி கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கடிகாரத்தை இரண்டு முறை பார்த்தார்.

"ரெண்டு நொடி" என்றார்.

"யாருக்கு?" என்று எம்லின் கேட்டான்.

"உன் பொண்டாட்டிக்கு."

நெரிஸ் புல்லில் கிடந்தபடியே இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கினாள். பெக்கா வந்து மேலே நின்று குனிந்து பார்த்தாள். முகமெல்லாம் உப்பு.

"கோட்டுல நின்னுக்கிட்டுத் திரும்பிப் பாத்தேன், நீ இல்ல. வரவே மாட்டியோன்னு நெனச்சேன்" என்றாள். "எனக்கு என்னமோ மாதிரி ஆயிடுச்சு. அப்புறம் ஓட்ட ஆரம்பிச்சேன், அது மறந்துபோச்சு."

"மறக்கணும். அப்பதானே ஒழுங்கா ஓட்டுவ?"

"ஒழுங்காத்தான் ஓட்டினேன், அதான் எரிச்சல். இருபது நொடிய எனக்குத் தானமா குடுத்துட்டு அதுக்கப்புறமும் ஜெயிக்கிறவளை என்ன பண்றது? எந்திரி. கால் இருக்கா?"

"இல்ல."

"சரி, என் வேன்ல ஏறு. கோப்பைய இன்னிக்கே எடுத்துட்டுப் போயிடு. காலைல நான் மனசு மாறிட்டாலும் மாறிடுவேன்."

கைகொடுத்துத் தூக்கினாள். இரண்டு சைக்கிளையும் வேனில் ஏற்றினார்கள். சாலையில் வைத்த கூம்புகளைப் பொறுக்கிக்கொண்டிருந்த எம்லின், அவற்றை நெஞ்சோடு அணைத்தபடி ஓடிவந்தான்.

"நானும் வர்றேன், இருங்க!"

பெக்கா அண்ணனைப் பார்த்தாள். நெரிஸ் புருஷனைப் பார்த்தாள். பிறகு இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இடமில்ல" என்றாள் நெரிஸ்.

பெக்கா வண்டியைக் கிளப்பினாள்.