என் நாற்று, அவள் பாத்தி

சித்தப்பா மகள் என்னைவிட நாலு மாதம்தான் மூத்தவள். அதற்காக அவளை அக்கா என்று கூப்பிட வேண்டும் என்பது அம்மாவின் உத்தரவு. சித்தி இறந்து, கருமாதி முடிந்த கையோடு, சுங்கை லாலாங் தோட்டத்திலிருந்து அவளை எங்கள் பாக்கார் ஆராங் வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். என் கட்டில், என் போர்வை, நான் மைலோ குடிக்கும் மங்கு, எல்லாவற்றிலும் அவளுக்குப் பங்கு. அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். கொல்லைத் தோட்டத்தைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

தோட்டம் என்றால் வீட்டுக்குப் பின்னால் வேலியோரமாக ஒரு துண்டு நிலம். வெண்டை, பயற்றங்கொடி, கறிவேப்பிலை, துளசி. வெயில் கொளுத்திய அந்தப் பள்ளி விடுமுறையில் அரிசி கழுவிய தண்ணீரைச் சுமந்து ஊற்றியது நான். மண் காய்ந்துவிடாமல் செடிகளைச் சுற்றிக் காய்ந்த புல்லைப் பரப்பியது நான். விதை போடும் நேரத்துக்கு மட்டும் அம்மா அவளைக் கூப்பிடுவார். "நீ போடும்மா. நீதான் கைராசிக்காரிலா." பக்கத்து வீடுகளிலும் போய் இதைப் பெருமையாகச் சொல்லிவைத்தார்.

எனக்கு வயிறு எரிந்தது. இவளுக்கு ஏது ராசி? அவளைக் கொண்டுவந்து விட்ட அன்றே அத்தை அடுப்படியில், அவள் காதுபடச் சொன்னதை நானும் கேட்டேன்.

"பெத்தவள முழுங்குனவ. இவ கை பட்டா எதுவும் வெளங்காது."

அம்மா அன்றிலிருந்து அத்தையோடு பேசுவதில்லை. நான் மனசுக்குள் அத்தை கட்சி.

அக்கா பாத்தியில் மிளகாய் விதை போட்டாள். அதே விதையில் கொஞ்சம் கிள்ளியெடுத்து நானும் ஒரு ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டு, தண்ணீர்த் தொட்டி நிழலில் ஒளித்துவைத்தேன். அவளுடையது வெயிலில் வெந்துபோனதோ என்னவோ, ஒன்றுகூடத் தலைகாட்டவில்லை. தினமும் பாத்தி முன்னால் குந்தியிருந்து பார்ப்பாள். பிறகு கையைப் பாவாடையில் அழுத்தித் துடைத்துக்கொண்டு எழுந்துபோவாள். என் டப்பாவில் பச்சைப்பசேலென்று நாற்று. இன்னும் கொஞ்சம் வளரட்டும், எல்லார் முன்னாலும் தூக்கிக் காட்டி இவள் ராசியைச் சிரிப்பாய்ச் சிரிக்க வைக்கிறேன் என்று காத்திருந்தேன்.

ஒருநாள் விடிந்ததும் டப்பாவைப் பார்க்கப் போனால், அம்மா குனிந்து என் நாற்றுகளை ஒவ்வொன்றாக எடுத்து அவள் பாத்தியில் நட்டுக்கொண்டிருந்தார். நான் கத்த வாயெடுப்பதற்குள் சேற்றுக்கையால் என் வாயைப் பொத்தினார். உதடெல்லாம் மண்.

அக்கா எழுந்து வந்தாள்.

"பெரியம்மா, மொளச்சிருச்சு" என்றாள் மெல்ல.

பிறகு தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரித்தாள். எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். எனக்கோ அத்தனை நாற்றையும் பிடுங்கி எறியவேண்டும் போலிருந்தது.

அம்மா குழாயடியில் கை கழுவும்போது விடாமல் பிடித்துக்கொண்டேன். அது என் நாற்றுதானே, அப்படியென்றால் ராசி என் கைக்குத்தானே என்று கேட்டேன். ஆமாம், உன் கைக்குத்தான் என்று உடனே ஒத்துக்கொண்டார். அப்புறம் ஏன் அவளுக்குக் கொடுத்தீர்கள் என்றேன். அம்மா குழாயை மூடினார்.

"ஒனக்கு நான் இருக்கேன்லா."

கைராசியைப் பற்றிக் கேட்டால் அம்மா தன்னைப் பற்றிச் சொல்கிறாரே, இதெல்லாம் ஒரு பதிலா என்று எனக்கு ஆத்திரம் இன்னும் கூடியது. அன்று முழுக்க அவரோடு நான் பேசவில்லை.