சாவி இல்லாத மொரிஸ் மைனர்

காரில் இருந்தவர்கள் இருவர். ஓட்டியவன் ஜெயராஜ். பக்கத்தில் கிளறன்ஸ், கண்டியில் பழைய கார்களை வாங்கிச் சேர்ப்பவர். காரை விற்ற காளிமுத்து தெல்தெனியவில் தன் வாசலிலேயே நின்றுவிட்டார்.

இது நடந்தது. பொலிசில் ஜெயராஜ் எழுதிக் கொடுத்ததும் இதுதான். கிளறன்ஸின் மகள் தினுஷா இன்றுவரை நம்பவில்லை. அவளுக்கு அப்பா வேண்டும். கதை வேண்டாம்.

1951ஆம் வருடத்து மொரிஸ் மைனர். இடது கதவு துருவேறி இறுகிக் கிடந்தது. ஏறுவதும் இறங்குவதும் ஓட்டுபவரின் பக்கத்தால்தான். சாவி இல்லை. ஜெயராஜ் ஒரு சுவிட்சைப் பொருத்தித்தான் எஞ்சினை உறுமவைத்தான்.

"லொறியில ஏத்திட்டுப் போங்க சேர்," என்றார் காளிமுத்து. "ஓட்டிட்டுப் போகாதீங்க."

"கல்யாணப் பொண்ண யாராவது லொறியில ஏத்துவாங்களா?" கிளறன்ஸ் சிரித்துக்கொண்டே உள்ளே நகர்ந்து உட்கார்ந்தார்.

ஜெயராஜ் கியரைப் போட்டான். இரவுக் காவல் வேலையை உதறிவிட்டு வந்தவன். கார் தன் எஞ்சினிலேயே ஓடிக் கண்டி சேர்ந்தால் கிளறன்ஸின் மற்றக் கார்களுக்கும் அவன்தான் பொறுப்பு. சேராவிட்டால் மறுபடியும் காவல் குடில்.

மாலை 6.10. நீர்த்தேக்கம் இடது பக்கமாகக் கூடவே வந்தது.

டக்.

அந்தக் காலத்து மொரிஸுக்கு மின்னும் சிக்னல் கிடையாது. திரும்பும் பக்கம், கதவுத் தூணிலிருந்து ஒரு சிறு தகடு கை போல வெளியே நீளும். இப்போது இடது கை நீண்டிருந்தது.

"கைய மடக்கு ஜெயராஜ். தண்ணிக்குள்ளயா திரும்பப் போற?"

"நான் போடலீங்க சேர். அதுக்குப் போற வயரையே வெட்டிட்டேன்."

கிளறன்ஸ் கண்ணாடியை இறக்கி, எட்டி அதை அமுக்கினார். மடங்கியது.

வளைவு வந்தது.

டக்.

மீண்டும் அமுக்கினார். விரலைப் பார்த்தார். ஈரம்... சேறு. அன்று மழையே இல்லை. அவசரமாகக் கண்ணாடியை ஏற்றினார்.

ஸ்டியரிங் இடப்பக்கம் இழுத்தது. ஜெயராஜ் பிரேக்கை மிதித்தான். எஞ்சின் செத்தது.

எதிரே உடைந்த தார் வீதி ஒன்று சரிந்து இறங்கி நீருக்குள் போனது. அணை கட்டியபோது மூழ்கிய பழைய தெல்தெனிய ஊர் அதற்கடியில்தான்.

இறங்கிக் காளிமுத்துவுக்குப் போன் எடுத்தான்.

"நின்னுருச்சா?" கிழவரின் குரல் தாழ்ந்தது. "கை... நீட்டுச்சா?"

"ஆமா. யாரு காரு இது?"

"வீரசிங்கம் மொதலாளியோடது. ஊருக்குள்ள தண்ணி ஏறுன அன்னிக்கு, வீட்டப் பூட்டாம வந்துட்டேன்னு திரும்பிப் போனாரு. பழைய ஊருக்குள்ள எறங்குற ரோட்டு முனையிலதான் கார் நின்னுச்சு. இடது கைய நீட்டிக்கிட்டு, கதவு பூட்டி... ஆளும் கெடைக்கல. சாவியும் கெடைக்கல. தம்பி, மொதல்ல சேரை எறக்குங்க!"

அவன் திரும்புமுன், முதுகுக்குப் பின்னால் கதவு சாத்தியது.

உள்ளே கிளறன்ஸ், இறங்க மறுத்த கண்ணாடியைத் தட்டினார்.

வெளியே வேறு யாரும் இல்லை.

கதவுப் பூட்டுக்குள்... ஒரு சாவி திரும்பியது.