உறையில் இடாத வாள்

ஆயுத பூசைதோறும் என் அண்ணன் சாமி படத்தின் முன் தம் லாரிச் சாவியையும், அதனருகே ஓர் ஆங்கிலேயக் குதிரைப்படை வாளையும் வைப்பார். அரியலூரில் சுண்ணாம்புக்கல் ஏற்றி லாரி ஓட்டியவர் அவர். பெரம்பலூரில் ஒரு பழைய இரும்புக் கடையில் அவ்வாளை வாங்கியிருந்தார். வளைந்து, நுனியை நோக்கி அகன்ற அலகு. விரல்களைக் காக்க ஒற்றைக் கம்பி வளைத்த பிடி.

அதன் வரலாற்றை நூல்களில் தேடிச் சொன்னவன் நான். கம்பெனிக் காலத்து ஆங்கிலேயக் குதிரைவீரர் வாளை இரும்புறையில் இட்டனர். உருவுந்தோறும் உரசி அது மழுங்கிற்று. அதே வாள் நம் நாட்டுக் குதிரைவீரர் கைக்கு வந்தபோது, அவர்கள் அதைத் தீட்டி மரவுறையில் காத்தனர்; அவர்கள் வீச்சுக்கு எலும்பும் தாங்கவில்லை. கேட்டவுடன் அண்ணன் மரத்தில் ஓர் உறை செய்வித்தார். வருவோரிடமெல்லாம், "வெட்ட வந்தவனுக்கு உறை போடத் தெரியல பாருங்க" என்று சிரிப்பார்.

"வெறுங்கையால அலகைத் தொடாதண்ணே, வேர்வை பட்டா துருப்பிடிக்கும்" என்பேன்.

"லாரிக்காரன் கையில ஏதுடா வேர்வை? எல்லாம் கிரீசுதான்."

சென்ற ஆண்டு பூசையன்று அவருக்குக் கடுங்காய்ச்சல். வாளை ஏந்திப் பார்த்தவர், எண்ணெய் தடவாமலே உறையிலிட்டுப் படுத்துக்கொண்டார். ஐப்பசியில் இறந்தார். இறப்பு நேர்ந்த வீட்டில் ஓராண்டுக்குப் பண்டிகை இல்லை. ஆகவே இவ்வாண்டுப் பூசையும் நடக்கவில்லை, வாளை எவரும் உருவவுமில்லை.

தலைத்திவசம் முடிந்த மறுநாள் அண்ணி அதை என்னிடம் தந்தார். உருவினேன். அலகின் நடுவே செம்பழுப்பாய் ஒரு பெருவிரல் தடம். ரேகைகள்கூடத் தெரிந்தன. துணியில் எண்ணெயும் சாம்பலும் தொட்டேன்.

"அங்க தேய்க்காதீங்க, தம்பி."

"துரு அண்ணி. விட்டா வாளையே தின்னுடும்."

"தின்னட்டும். அவரைத் தின்னதை மட்டும் நாம தடுத்தமா?"

தடத்தை விட்டுச் சுற்றிலும் எண்ணெய் தடவினேன். உறையை எடுத்தபோது அண்ணி மறித்தார்.

"உள்ள போட்டா உரசி அழிஞ்சுடாதா? உங்க அண்ணன் சொல்லுவாருல்ல."

அது இரும்புறைக்குச் சொன்னது. ஆயினும் மரமும் உரசும், சற்று மெல்ல.

வாள் இப்போது பீரோவில், அவருடைய வேட்டியின்மேல், உறையின்றிக் கிடக்கிறது. துரு வளரும். அடுத்த பூசைக்குள் அந்த ரேகைகள் ஒன்றோடொன்று கலந்து வெறுங்கறையாகிவிடும். அதை நான் அண்ணியிடம் சொல்லவில்லை.