விளக்குகளைக் கழற்றிய பிறகு

பத்தொன்பது வருஷம் நாடக அரங்குகளில் விளக்கு போட்டவளைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் லைட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். புதன்கிழமைதோறும் வகுப்புக்குப் போய், கலைத்துறையில் என்னென்ன வேலை இருக்கிறது என்று சொல்லிக்கொடுப்பாள்.

"மேடையில ஒருத்தர் நின்னா, அவருக்காக இருட்டுல பதினாலு பேர் நிக்கணும்" என்பாள். பிள்ளைகள் நம்பமாட்டார்கள். நடிகர், பாடகர் என்பதற்கு மேல் அவர்கள் பட்டியல் நகராது.

அதனால்தான் இந்த முறை இருபத்தாறு பேரையும் அரங்குக்கே கூட்டிவந்தாள். ஒரு கீறல்கூட விழாமல் திருப்பி அழைத்து வருவதாகப் பெற்றோர் கூட்டத்தில் வாக்குக் கொடுத்திருந்தாள்.

உள்ளே வந்ததும் என்னவோ போலிருந்தது. என்னவென்று பிடிபடவில்லை. மேலே இருட்டில், வடங்கள் இழுத்துப் பிடித்த மூச்சுபோல விறைத்து நின்றன. வழக்கமாக உள்ளே வந்ததும் அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் அடுத்த அடி வைப்பாள். இன்று தலைகளை எண்ணிக்கொண்டே வந்ததில் அது விட்டுப்போனது.

மேடை மேஸ்திரி வாயெல்லாம் பல்லாக நின்றார்.

"பசங்க கிட்டத்துல பாக்கட்டும்னு எட்டு லைட்டையும் காலையிலேயே கழட்டி வெச்சுட்டேம்மா."

பிள்ளைகள் தரையில் கிடந்த விளக்குகளை மொய்த்தார்கள்.

"டேய், இது குப்பைத்தொட்டி மாதிரி இருக்குடா."

"அப்ப உள்ள போய் உக்காரு, பொருத்தமா இருக்கும்."

உடன் வந்திருந்த ஆசிரியையும் சிரித்துவிட்டார். லைட்டக்கா சிரிக்கவில்லை. எட்டு விளக்கையும் தாங்கிய நீளக் குழாய் தரையோடு வெறுமனே கிடந்தது. விளக்குகளின் எடைக்கு ஈடாக இரும்புக் கட்டிகள் அடுக்கிய சட்டம், கயிற்றின் மறுமுனையில் பக்கச் சுவரை ஒட்டி மூன்று மாடி உயரத்தில் தொங்கும். முதலில் கட்டிகளை எடுக்க வேண்டும், பிறகுதான் விளக்கைக் கழற்ற வேண்டும். முறை மாறினால், அத்தனை பாரத்தையும் கயிற்றைக் கவ்வியிருக்கும் சின்னப் பூட்டு ஒன்றே தாங்க வேண்டும்.

"அண்ணே, வெயிட்ட எறக்கிட்டீங்களா?"

மேஸ்திரியின் முகத்தில் ஈயாடவில்லை. "முட்டி வலிம்மா... சாயங்காலமா ஏறிக்கலாம்னு..."

"அக்கா, இதத் தூக்குனா என்னாகும்?"

சுவரோரத்திலிருந்து குரல். வகுப்பில் ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்கும் பெண், கேள்விக்காரி. பூட்டின் சிவப்புக் கைப்பிடி அவள் கையில் பாதி எழுந்திருந்தது. கயிறு ஒரு சாண் வழுக்கி நின்றது.

கத்தினால் பயந்து இன்னும் தூக்கிவிடுவாள். லைட்டக்கா வகுப்பில் பேசும் குரலிலேயே பேசினாள்.

"சொல்றேன் கண்ணு. மொதல்ல அதக் கீழ அழுத்து. இன்னும். அழுத்திட்டே இரு."

பேசிக்கொண்டே நடந்து போய், வழியில் கிடந்த இரும்புக் குழாய்த் துண்டை எடுத்து, மேலே போகும் கயிற்றுக்கும் கீழே வரும் கயிற்றுக்கும் நடுவே செருகி, கயிறு நகராதபடி முறுக்கினாள்.

"இப்ப கைய எடுத்துட்டு, மத்தவங்களோட கடைசி வரிசைக்குப் போ."

"நீங்க?"

"நான் வரேன். நீ போடி தங்கம்."

மேஸ்திரி ஏணியில் முட்டியைப் பிடித்துப் பிடித்து ஏறினார். சட்டத்துக்கு நேர் கீழே அவள் செருகிய குழாய்த் துண்டைப் பிடித்து நின்றாள். மேலே கட்டியை எடுத்து வைக்கும் சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது. மூன்றாவதற்கும் நான்காவதற்கும் நடுவில் கயிறு மறுபடி முனகியது. ஒன்பதாவது கட்டியை எடுத்த பிறகுதான் கயிற்றின் இறுக்கம் தளர்ந்தது.

ஆசிரியை அருகில் வந்து கிசுகிசுத்தார். "பசங்களுக்கு ஒண்ணும் புரியல. அப்படியே விட்டுடுங்களேன். வெளிய தெரிஞ்சா உங்க வகுப்பையே நிறுத்திடுவாங்க."

நிறுத்துவார்கள் என்று அவளுக்கும் தெரியும். மேடை விளிம்புக்குப் போனாள்.

"அந்த இரும்பு விழுந்திருந்தா, கீழ நின்னவங்க யாரும் இன்னிக்கு வீட்டுக்குப் போயிருக்க மாட்டோம். மேல பாக்காம உங்கள உள்ள கூட்டிட்டு வந்தது என் தப்பு. கைப்பிடியத் தொட்டவ தப்பு இல்ல."

யாரும் சிரிக்கவில்லை.

அடுத்த புதன்கிழமை வர வேண்டாம் என்று பள்ளியிலிருந்து சொல்லிவிட்டார்கள். அந்தப் புதன்கிழமை மாலை கேள்விக்காரியின் அம்மா ஃபோன் செய்தார்.

"எந்த ரூமுக்குப் போனாலும் வாசல்லயே நின்னு அண்ணாந்து பாத்துட்டுதான் உள்ள வரா. பயந்து கெடக்காளா, இல்ல உங்க வேலையக் கத்துக்கிட்டாளா? எனக்கு ஒண்ணும் புரியல."



"அவகிட்ட ஃபோனக் குடுங்க" என்றாள் லைட்டக்கா.