புறக்கணிப்பு: அதிகம்

குற்றம் செய்தவர்களின் மனதைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறேன். நெய்வேலியில் எங்கள் குவார்ட்டர்ஸ் பிளாக்கில் இதைச் சொன்னால், பொம்பளைப் பிள்ளைக்கு வேறு சப்ஜெக்டே கிடைக்கவில்லையா என்பார்கள். எனக்கு வாய் நீளம். உங்களை மாதிரி ஆட்களைப் படிக்கிற சப்ஜெக்டில் சீட் நிரம்பிவிட்டது என்று சொல்லிவிட்டு வருவேன்.

போன வருடம் கடலூர் சிறையில் ஓர் இளைஞனைச் சந்தித்தேன். டீக்கடைச் சண்டையில் ஒருவரை இரும்புக் குழாயால் அடித்துக் காலை முடமாக்கியவன். கோபம் வந்தால் கை தானாக நீண்டுவிடுகிறது என்றான், எதையும் மறைக்கவில்லை. சனிக்கிழமை தவறாமல் அப்பா பார்க்க வருவார் என்பதை மட்டும் மூன்று முறை சொன்னான்.

ஆய்வுக்காக வீட்டாரையும் கேட்க வேண்டும். அந்த அப்பா காடாம்புலியூரில் இருந்தார். சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை, பல வருடமாக ஷிப்ட். என்னிடம் இருந்த வினாத்தாள் வெளிநாட்டில் தயாரானது, தமிழாக்கியது நான். பிள்ளை சிறுவனாக இருந்தபோது தினமும் அவனோடு பேசுவீர்களா? இல்லை. சத்தம் போடாதே என்று அடிக்கடி அடக்குவீர்களா? ஆமாம். இரவில் வீட்டில் இருப்பீர்களா? பாதி நாள் இல்லை. ஒளிக்காமல் சொன்னார். மதிப்பெண்களைக் கூட்டிப் பார்த்து, தாளின் கடைசிக் கட்டத்தில் 'புறக்கணிப்பு: அதிகம்' என்று அவர் எதிரிலேயே எழுதினேன். அவர் அதைப் படிப்பார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அதை நினைத்தால் இன்றும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

"அப்ப நான் கவனிக்காம வுட்டதாலதான் அவன் இப்பிடி ஆயிட்டானாம்மா?" என்றார்.

அப்படி இல்லை ஐயா என்று ஏதோ உளறிவிட்டு பஸ் ஏறினேன்.

அடுத்த மாதம் சிறைக்குப் போனேன். அவன் இளைத்திருந்தான். மூன்று சனிக்கிழமையாக அப்பா வரவில்லை, உடம்பு ஏதும் சரியில்லையா, நீங்கள் பார்த்தீர்களா என்று கேட்டான். அவரை நிறுத்தியது என் பேனாதான்.

வீட்டுக்கு வந்தால் அம்மா காலிங் பெல்லை அணைத்து வைத்திருந்தாள். என் அப்பாவுக்கு அந்த வாரம் நைட் ஷிப்ட்; பகலில் தூங்குவார். எங்கள் பிளாக்கில் பெல் அடிக்கவில்லை என்றால் பால்காரர்கூடக் கதவைத் தட்டாமல் போய்விடுவார். நானும் அண்ணனும் சத்தமில்லாமல் சண்டை போட்டு வளர்ந்தவர்கள். முடியைப் பிடித்து இழுத்தாலும் வாய் திறக்கமாட்டோம். அன்றும் பழக்கத்தில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அப்பா எழுந்ததும் அதே கேள்விகளை அவரிடம் கேட்டேன். வரிசையாக அதே பதில்கள். 'புறக்கணிப்பு: அதிகம்.' அவர் தாளை வாங்கிப் பார்த்தார்.

"சரியாத்தான் இருக்கு. பாதி நாள் நீ தூங்கும்போதுதான் உன் மூஞ்சியைப் பார்த்திருக்கேன்."

ஷிப்ட் முடிந்து வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவி, என் பாதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் படுப்பாராம். இத்தனை வருடம் சொன்னதே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. என் வினாத்தாளில் அதைக் கேட்க ஒரு கேள்வி இல்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அப்பாவிடம் கேட்டுக்கொண்டு அந்தத் தாளோடு காடாம்புலியூர் போனேன். முதலில் மன்னிப்புக் கேட்டேன். பிறகு இரண்டு தாள்களையும் அவர் முன் வைத்தேன். விரலை ஓட்டி நிதானமாகப் படித்தார்.

"இது யாரும்மா?"

"எங்க அப்பாங்க. அவரும் ஷிப்டுதான்."

"அந்தப் புள்ள இப்ப என்னா பண்ணுது?"

"உங்க முன்னாடி உக்காந்திருக்கேன்."

அவர் தாளிலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு, அப்படியானால் இவன் மட்டும் ஏன் இப்படி ஆனான் என்று கேட்டார். தெரியவில்லை ஐயா, அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன் என்றேன். அவன் மூன்று சனிக்கிழமையும் காத்திருந்ததைச் சொன்னேன்.

"எந்த மூஞ்சிய வச்சிக்கினு அவன் எதுர்ல போயி நிக்கிறதுன்னு கெடந்தேம்மா," என்றார்.

எழுந்து போய்க் கொடியில் காய்ந்த வெள்ளைச் சட்டையை எடுத்து, மடியில் வைத்து நீவிவிட்டார். நாளைக்குக் கடலூருக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று என்னிடம் கேட்டார்.