பாதையை விட்டு அறுபது அடி

றிச்மண்ட் ஹில் கோயிலின் வாகனத் தரிப்பிடத்தில், அண்ணாவின் புதிய குவாட்டின் நான்கு சில்லுகளுக்கும் கீழே ஐயர் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த எண்ணம் எனக்கு முதன்முதலில் வந்தது. இந்த வருடம் காட்டுப்பாதையில் எல்லோருக்கும் முன்னால் போவது நானாக இருக்கவேண்டும்.

அண்ணா என்றால் பெரியம்மாவின் மகன். குவாட் என்றால் நான்கு பருத்த சில்லுகள் வைத்து, மோட்டார் சைக்கிள்போல ஏறி உட்கார்ந்து ஓட்டுகிற வண்டி. பழையது இரண்டு அவரிடம் ஏற்கெனவே இருந்தன. தெருவில் ஓட்டக்கூடாது என்பதால் இந்தப் புதியதை ட்ரெய்லரில் ஏற்றித்தான் கோயிலுக்கே கொண்டுவந்திருந்தார்.

"இதுக்கு சீற் பெல்ற் எங்கை தம்பி?" என்று கேட்டார் ஐயர்.

"இல்லை ஐயா, இதுக்குப் பெல்ற் வாறேல்லை."

"அப்ப கட்டாயம் பூசை செய்யத்தான் வேணும்."

எல்லோரும் சிரித்தோம். அடுத்து, யார் ஏறி வண்டியைப் பழங்களின் மேல் உருட்டுவது என்ற கேள்வி வந்தது. நான் ஏற்கெனவே கையுறையைக் கழற்றி ஒரு காலை முன்னால் எடுத்து வைத்திருந்தேன். அண்ணா வண்டித் திறப்பை என் தோளுக்கு மேலால் எறிந்தார். என் பின்னால் நின்ற அண்ணியின் தம்பி அதை ஒரு கையால் பிடித்தான்.

"நீ ஏறு தம்பி. உனக்குத்தான் இப்ப ஒரு நல்லது நடக்கோணும்."

காரணம் எனக்கும் தெரியும். அது ஏப்ரல் மாதம். அவன் கனடாவுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அவனுடைய தாயும் தங்கையும் வன்னியில், சண்டைக்கு நடுவில். ஆறு கிழமையாக ஒரு தொலைபேசி அழைப்புகூட இல்லை. இவ்வளவும் தெரிந்துகொண்டுதான் எனக்கு வயிறு எரிந்தது. எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் உண்மை அதுதான்.

பழங்கள் நசுங்கவில்லை. இரண்டு வழுக்கி ஓடி யாரோ ஒருவரின் வான் வண்டிக்கு அடியில் போய் நின்றன. பெரியம்மா வாயைப் பொத்திக்கொண்டார். "ரயருக்குள்ளை காத்துக் குறைவு பெரியம்மா. சேத்திலை தாழாமல் இருக்கத்தான் மெத்தை மாதிரி வைக்கிறவை" என்று நான் விளக்கினேன். ஒருவரும் கேட்கவில்லை. எல்லோருடைய கண்ணும் அவன்மேல் இருந்தது. ஐயர் ஓடிய இரண்டையும் பொறுக்கித் திரும்ப வைத்தார். அவன் வண்டியைச் சற்றே பின்னுக்கு எடுத்து, கைபிடியை ஒரு நூல் திருப்பி, சில்லின் விளிம்பால் ஒவ்வொரு பழமாக அமுக்கினான். நாலும் நசுங்கின.

"லாண்ட்மாஸ்டர் ஓடின கையெல்லோ" என்றார் அண்ணா. வயல் உழுகிற கை உழவு இயந்திரத்தைத்தான் அப்படிச் சொல்வார்கள். அதை அவன் பன்னிரண்டு வயதிலிருந்தே ஓட்டியிருக்கிறானாம்.

நான் இங்கே நகரத்து ஓரம், மில்லிக்கனில் வளர்ந்தவள். எங்கள் வீட்டைச் சுற்றி பிளாசாக் கடைகளும் தரிப்பிடமும் தவிர உழுவதற்கு ஒன்றும் இல்லை. ஆனால் இரண்டு வருடமாக, பல்கலைக்கழகப் பாடங்களுக்குக்கூடச் செலவழிக்காத நேரத்தை இந்த வண்டிக்குச் செலவழித்திருந்தேன். பாதுகாப்பு வகுப்புக்குப் போய்ச் சித்தியடைந்தேன். விதிப்புத்தகத்தை அட்டை கழன்று விழும்வரை படித்தேன். பாதையின் அனுமதி ஸ்டிக்கர் எந்த இடத்தில் தெரியவேண்டும், ஒருவருக்கான வண்டியில் ஏன் இரண்டாமவரை ஏற்றக்கூடாது, எதிரே குதிரை வந்தால் ஓரமாக நிறுத்தி இயந்திரத்தை அணைத்து ஹெல்மெட்டைக் கழற்றிப் பேச வேண்டும் (மனிதக் குரல் கேட்டால் குதிரை மிரளாது) என்பதெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அவனுக்கோ ஒரு விதியும் தெரியாது. கைமட்டும் தெரிந்தது.

அதனால்தானோ என்னவோ, அவனுக்கு விதிகளைத் தமிழில் சொல்லிக் கொடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. அண்ணாவின் கராஜில், தேத்தண்ணியும் கையுமாக உட்கார்ந்து, வேண்டுமென்றே வேகமாகச் சொன்னேன். மறந்துபோகட்டும் என்று.

"எதிராலை ஆக்கள் வந்தால் விரலாலை காட்டோணும். உங்களுக்குப் பின்னாலை எத்தினை பேர் வருகினம் எண்டு. ரெண்டு பேர் எண்டால் ரெண்டு விரல். கடைசியா வாறவர் கையைப் பொத்திக் காட்டோணும், என்னோடை சரி எண்டு."

அவன் தலையாட்டினான்.

"பாதையை விட்டு இறங்கவே கூடாது."

அதற்கு மட்டும் ஒரு கேள்வி கேட்டான். "ஏன்? அங்காலை என்ன கிடக்கு?"

"புல்லு. சதுப்பு. தவளை முட்டை. மற்றது, கனக்க இடம் தனியாரின்ர காணி. காணிக்காரர் கோவிச்சால் பாதையையே மூடிப்போடுவினம்."

"அவ்வளவுதானோ?" என்று சிரித்தான். எதற்கு அந்தச் சிரிப்பு என்று நான் யோசிக்கவில்லை.

பனி உருகி மண் இறுகும்வரை பாதைகளை மூடி வைத்திருப்பார்கள். மே மாதத்து நீண்ட வாரவிடுமுறையில்தான் திறப்பார்கள். அந்த நாட்களுக்காக நான் ஒக்ரோபரிலிருந்து காத்திருந்தேன். அதே நாட்களில்தான் போர் முடிந்தது. குவாட்டுகள் மூன்றும் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தன. எங்கள் வீட்டிலும் அண்ணா வீட்டிலும் தொலைக்காட்சியை யாரும் அணைக்கவில்லை. நானும் நகர நடுவில், போரை நிறுத்தச் சொல்லித் தெருவில் நின்று தொண்டை கட்டும்வரை கத்திவிட்டு வந்தவள்தான். அழுதவள்தான். ஆனால் அண்ணா வீட்டுக்குப் புட்டுப் பெட்டி கொண்டுபோன ஒரு பின்னேரம், அவன் கராஜுக்குள் புதிய குவாட்டில் உட்கார்ந்து, கைபிடிக்கு மேல் தொலைபேசியை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டபோது எனக்கு முதலில் தோன்றியது இரக்கம் இல்லை. "அதிலைதான் இருக்கோணுமோ?" என்றுதான் தோன்றியது.

யூன் கடைசியில் செய்தி வந்தது. தாயும் தங்கையும் முகாமில் இருக்கிறார்கள். உயிரோடு. அண்ணி விழுந்து அழுதார். அண்ணா ட்ரெய்லரின் சில்லுகளுக்குக் காற்று அடிக்கத் தொடங்கினார்.

அடுத்த சனிக்கிழமை வடக்கே இரண்டு மணி நேரம் ஓடி, பாதை தொடங்கும் இடத்துக்குப் போனோம். செம்மஞ்சள் மேலங்கி போட்ட ஒரு வெள்ளைக்கார அம்மா எங்கள் ஸ்டிக்கர்களைப் பார்த்தார். பாதையைப் பராமரிக்கும் கழகத்தின் தொண்டர் வழிகாட்டி. நாங்கள் புறப்படுமுன் அண்ணாவிடம் ஒரு விஷயம் சொன்னார். ஸ்காபரோப் பக்கமிருந்து தமிழ்க் குடும்பங்கள் நிறைய வரத்தொடங்கியிருக்கின்றன. தமிழ் தெரிந்த ஒரு தொண்டர் வழிகாட்டி வேண்டும். ஓர் இடம்தான் இருக்கிறது. உங்களில் யாராவது வருவீர்களா?

அந்த மேலங்கி எனக்கென்றே தைத்ததுபோல இருந்தது.

"நான் வேலைக்குப் போறவன், எனக்கு நேரமில்லை" என்றார் அண்ணா. எங்கள் இருவரையும் பார்த்தார். "இண்டைக்கு ஆர் ஒழுங்கா ஓடுறியளோ, அவையின்ர பேரைக் குடுப்பன்."

"விதியெல்லாம் எனக்குத்தானே தெரியும் அண்ணா!"

"தெரிஞ்சால் காட்டன் பாப்பம். தம்பி முன்னாலை. நான் நடுவிலை. நீ கடைசி."

கடைசி. யார் எதிரே வந்தாலும் நான் பொத்திய கையைத் தூக்கிக் காட்டவேண்டும். முதல் ஒரு மணி நேரத்தில் நான்கு தடவை காட்டினேன். ஒவ்வொரு தடவையும் யாருக்கோ குத்துவிடுவதுபோல இருந்தது. முன்னால் அவன் ஒரு கல்லில்கூடத் துள்ளாமல் போய்க்கொண்டிருந்தான். ஏற்றங்களில் உடம்பைச் சாய்ப்பது, இறக்கத்தில் பின்னுக்கு இருப்பது, எல்லாம் வகுப்பில் எனக்குப் படம் போட்டுக் காட்டியவை. அவனுக்கு யாரும் காட்டவில்லை. வளைவுகளில் அவன் முதுகு தெரியும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பிறகு ஓரிடத்தில் பாதை ஒரு பச்சைப் புல்வெளியைச் சுற்றி, குதிரை லாடம்போல வளைந்தது. நடுவால் நேரே போனால் அவனுக்கு முன்னால் வெளிவரலாம். பாதையை விட்டு இறங்காதே என்ற பலகை என் கண்ணுக்கு நேரேதான் நின்றது. அண்ணா திரும்பிப் பார்க்காத நேரம் பார்த்துக் கைபிடியை முறுக்கினேன்.

அறுபது அடிகூடப் போயிருக்கமாட்டேன். புல்லுக்குக் கீழே நிலம் இல்லை. கறுப்புச் சேறுதான் இருந்தது. முன் சில்லுகள் இரண்டும் ஒரு மூச்சில் தாழ்ந்தன. முறுக்க முறுக்க வண்டி இன்னும் கீழே போனது. இயந்திரத்தை அணைத்தேன். தவளைகள் கத்தின. மற்றவர்களின் சத்தம் தூரமாகி, இல்லாமலே போனது.

என்னைக் காப்பாற்றியது அந்த விரல்தான். எதிரே வந்த ஒரு கூட்டத்துக்கு அவன் இரண்டு விரல் காட்டியிருக்கிறான். அண்ணா ஒரு விரல் காட்டியிருக்கிறார். அந்த ஒருவருக்காக அவர்கள் ஓரமாக நின்று காத்திருந்தும் யாரும் வரவில்லை. அவர்களில் ஒருவர் திரும்பி ஓடி அண்ணாவை மறித்து, "ஒன்று என்றீர்களே, அந்த ஒன்று எங்கே?" என்று கேட்டிருக்கிறார். அவன் மறந்துபோகட்டும் என்று நான் வேகமாகச் சொல்லிக்கொடுத்த விதி அது.

இருவரும் வந்து பாதையின் விளிம்பில் நின்றார்கள். நான் வெட்கத்தில் வண்டியிலிருந்து குதிக்கப் போனேன்.

"அசையாதை!" என்று கத்தினான் அவன். எப்போதும் என்னை "நீர்" என்று மரியாதையாகக் கதைக்கிறவன். "இறங்காதை! நிண்ட இடத்திலை நில்லு! காலை வெளியிலை வையாதை!"

எனக்கு அவமானம் கோபமாக மாறியது. "இது கனடா! இஞ்சை மிதிவெடி ஒண்டும் இல்லை!"

அண்ணா கண்ணை மூடிக்கொண்டதைக் கண்டேன். சொன்னதைத் திரும்ப விழுங்க முடியாது.

அவன் தன் குவாட்டின் முன்னால் இருந்த இழுவைக் கம்பியின் கொழுக்கியைப் பிடித்துக் கம்பியை இழுத்துக்கொண்டு, என் சில்லு போன தடத்துக்குள் ஒரு காலை வைத்தான். பிறகு மற்றக் காலை, அதே தடத்தில், முதல் காலுக்கு நேர் முன்னால். முழங்கால்வரை சேறு. பக்கத்தில் காய்ந்த மண்திட்டுகள் இருந்தன. ஒன்றிலும் அவன் கால் வைக்கவில்லை. அறுபது அடியும் அப்படியே வந்தான். வந்து கொழுக்கியை மாட்டிவிட்டு, "போகேக்கையும் இதாலையே போம்" என்றான்.

தரிப்பிடத்துக்குத் திரும்பியபோது அண்ணா கழுவுவதற்குத் தண்ணீர் எடுக்கப் போய்விட்டார். வழிகாட்டி அம்மா அவனை மேலும் கீழும் பார்த்தார். அவன்தான் முழங்கால்வரை சேறு. நான் வண்டியில் உட்கார்ந்தே இழுபட்டு வந்ததால் சப்பாத்து மட்டும்தான் அழுக்கு. "பாதையை விட்டு இறங்கினீர்களா?" என்று அவனிடம் வேகமான ஆங்கிலத்தில் கேட்டார். அவன் தன் சேற்றைப் பார்த்து, சிரித்து, "சொறி, சொறி" என்று மன்னிப்புக் கேட்டான். அவர் கையில் வைத்திருந்த தாள் அட்டையில் ஏதோ எழுதினார். நான் இரண்டடி தூரத்தில் நின்று ஹெல்மெட்டின் பட்டியைக் கழற்றிக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே கழன்றிருந்த பட்டியை.

இனி அந்த மேலங்கி அவனுக்கு இல்லை. அந்த நினைப்பு எனக்கு இனித்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

பெருந்தெருவில் ஏறிக் கொஞ்ச நேரத்தில் அவன் பின்சீற்றிலிருந்து கேட்டான். "அந்த அன்ரி என்னட்டை என்ன கேட்டவ? சேத்தோடை வாகனத்திலை ஏறாதை எண்டோ?"

பொய் ஒன்று நாக்கு நுனிவரை வந்தது. "ஓம்" என்றால் போதும்.

"இல்லை" என்றேன். "பாதையை விட்டு இறங்கினனியோ எண்டு கேட்டவ. நீங்கள் சொறி சொன்னதை, ஓம் எண்டு எழுதிப்போட்டா."

"நானோ?" என்றான். கோபமில்லை, நம்பமுடியாத ஒன்றைக் கேட்டதுபோல. "நான் இறங்குவனோ?"

அண்ணா கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "நீ பக்கத்திலைதானே நிண்டனி?"

"ஓம்."

"வாய் இல்லையோ?"

"திருப்புங்கோ அண்ணா."

அடுத்த வெளிவழியில் திருப்பினார். நாங்கள் போய்ச் சேர, அந்த அம்மா வாசலுக்குச் சங்கிலி போட்டுக்கொண்டிருந்தார். நான்தான் என்றேன், பலகையை வாசித்துவிட்டுத்தான் இறங்கினேன் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அவர் எழுதியதை வெட்டி, என் பெயரைக் கேட்டு எழுதினார். புல்வெளியைத் திருத்த வாற சனிக்கிழமை ஆட்கள் வருகிறார்கள், நீயும் வா என்றார். வழிகாட்டி வேலைக்கு ஓகஸ்டில் வண்டி ஓட்டும் சோதனை நடக்கும்; தன் பிழையைத் திருத்த வருகிறவர்களும் விண்ணப்பிக்கலாம் என்று இரண்டு படிவம் தந்தார்.

அண்ணா இரண்டையும் என்னிடமே தந்துவிட்டார். "அவனுக்கு இங்கிலீஸ் எழுத வராது. நீ நிரப்பு."

நேற்றுப் பின்னேரம் அவனிடம் கேட்டுக் கேட்டு நிரப்பினேன். முன் அனுபவம் என்ற இடத்தில் எனக்கு ஒரு வரிதான் இருந்தது: வகுப்பு. அவன் சொல்லச் சொல்ல அவனுக்கு ஏழு வரி வந்தது. வரம்பு, குளக்கட்டு, மழைக்கால மண்பாதை. ஒவ்வொரு வரியையும் எழுதும்போது பேனாவை எறியவேண்டும்போல இருந்தது. ஒன்றையும் விடாமல் எழுதினேன். அவன் கையெழுத்துப் போட்டுவிட்டு, "உம்மடையிலை கொஞ்சம்தான் இருக்கு" என்று என் படிவத்தை எட்டிப் பார்த்தான்.

"பாத்துக்கொண்டிரும்" என்றேன்.

இன்றைக்குக் காலையில் இரண்டையும் ஒரே உறையில் போட்டு அனுப்பிவிட்டேன். பொறாமை போய்விட்டது என்று சொல்லமாட்டேன்; அவனுடைய கையை நினைத்தால் இப்போதும் எரிகிறது. ஓகஸ்டில் அவனை வெல்லத்தான் பார்க்கப்போகிறேன். அதற்கு முன்னால், வாற சனிக்கிழமை, என் சில்லுகள் கிழித்த இரண்டு சால்களையும் மண் போட்டு மூடவேண்டும். மண்வெட்டி பிடித்துப் பழக்கமில்லை. எப்படிப் பிடிப்பது என்று அவனிடம்தான் கேட்கவேண்டும். பின்னேரம் தொலைபேசி எடுத்துக் கேட்கிறேன்.